கல்லுக்குப் பரமபதம் இல்லை

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக வீடுகளில் பரமபதம் ஆடுவதைப் பற்றி முன்பு ஒரு பதிவு எழுதியிருந்தேன். அதைப் படித்த என் பழைய மாணவி ஒருத்தி, "டீச்சர், எட்டாவதுல கல்லை வச்சு ஒரு ஆட்டம் ஆடுவோமே, அதைப் பத்தியும் எழுதுங்க" என்று கேட்டாள். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அது வெறும் வகுப்பறை விளையாட்டின் கதை இல்லை என்று. ஒரு விளையாட்டுப் பலகையில் கடைசிக் கட்டம் என்று ஒன்று இருக்க வேண்டுமா, வேண்டாமா? இந்தக் கேள்விக்குள் 200 ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. பதிவு நீளம். காப்பி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

பலகையில் காய் நகர்த்திப் பாடம் சொல்வது புதிய யோசனை அல்ல. 1759இல் லண்டனில் ஜான் ஜெஃப்ரிஸ் என்பவர் ஐரோப்பிய வரைபடத்தின் மேல் ஒரு பாதை போட்டு, ஊருக்கு ஊர் எண் கொடுத்து, ஒரு விளையாட்டு வெளியிட்டார். எழுத்தும் கணக்கும் புவியியலும் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவர். யார் முதலில் லண்டன் வந்து சேருகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. 1804இல் ஜான் வாலிஸ் என்ற பதிப்பாளர் வானியலை வைத்து ஒன்று போட்டார். கோள்கள், வால்மீன்கள், விஞ்ஞானிகள் எல்லாரையும் கடந்து கிரீனிச் வானாய்வகம் போய்ச் சேர வேண்டும். இந்த ஆட்டங்களில் ஒரு வேடிக்கை உண்டு. பகடை என்றால் சூதாட்டம் என்று அந்நாளைய கண்ணியமான குடும்பங்கள் முகம் சுளித்தன. அதனால் பகடைக்குப் பதிலாக, பக்கங்களில் எண் எழுதிய சின்னப் பம்பரத்தைச் சுற்றிவிட்டு, எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்த எண்ணைக் கணக்கில் எடுத்தார்கள். தர்மர் தோற்ற கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியும். பள்ளி ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் என் வகுப்பில் புளியங்கொட்டையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பள்ளிக்கூடத்துல தாயமா?" என்று கேட்டதுண்டு. பம்பரம் வாங்கி வைத்திருக்கலாமோ என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இந்த ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. புறப்படும் இடம் ஒன்று, போய்ச் சேரும் இடம் ஒன்று. நம் பரமபதமும் அப்படித்தான். கீழே மண்ணுலகம், மேலே வைகுண்டம். புண்ணியம் செய்தால் ஏணி, பாவம் செய்தால் பாம்பு. ஏறுவது நல்லது, இறங்குவது தண்டனை. வாழ்க்கைக்கு இந்தப் பலகை பொருந்துமா என்பதை ஆன்மிகம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். கல்லுக்குப் பொருந்தாது. ஆனால், பொருந்தும் என்று நம்பிய பெரிய ஆசிரியர் ஒருவர் இருந்தார்.

அவர் பெயர் ஆபிரகாம் வெர்னர். ஜெர்மனியில் ஃப்ரைபெர்க் என்ற சுரங்க ஊரில் இருந்த சுரங்கக் கல்லூரியில் 1775 முதல் பாடம் எடுத்தவர். எழுதியது குறைவு, பேசியது அதிகம். அவர் பேச்சைக் கேட்கவே ஐரோப்பா முழுவதிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். தென்னமெரிக்காவைச் சுற்றிப் புகழ்பெற்ற ஹம்போல்ட்கூட அவர் மாணவர்தான். வெர்னர் சொன்னது இது: ஆதியில் பூமி முழுவதும் ஒரே கடல். அந்தக் கடல்நீரிலிருந்து முதலில் கருங்கல் போன்ற பாறைகள் படிந்தன. அதன்மேல் அடுத்த வகை, அதற்கும் மேல் அடுத்தது. கடல் வற்ற வற்ற, ஒவ்வொரு வகைப் பாறையும் தன் முறை வரும்போது ஒருமுறை உண்டாகி முடிந்துவிட்டது. எரிமலையெல்லாம் பின்னால் வந்த சில்லறைச் சமாசாரம்.

அவரைச் சிலர் கேலியாக எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கற்களைக் கையில் எடுத்து, நிறம், கனம், உடையும் விதம் பார்த்து ஒழுங்காக வகைப்படுத்த ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தவர் அவர். அடுக்கு என்றால் வரிசை, வரிசை என்றால் காலம் என்ற எண்ணத்தை மாணவர் மனத்தில் பதித்தவரும் அவர்தான். ஆனால் அவருடைய பூமி ஒரு பரமபதப் பலகை. முதல் கட்டத்தில் கருங்கல், மேல் கட்டத்தில் இன்றைய வண்டல். ஒரு முறை ஏறினால் ஆட்டம் முடிந்தது.

இந்தப் பலகையைக் கலைத்தவர் ஒரு விவசாயி. ஜேம்ஸ் ஹட்டன், 1726இல் எடின்பரோவில் பிறந்தவர். மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு வைத்தியம் பார்க்காமல், தகப்பனார் வழியில் வந்த நிலத்தில் விவசாயம் செய்யப் போனார். ஒவ்வொரு மழைக்கும் வயல் மண் கரைந்து வாய்க்காலில் ஓடுவதைப் பார்த்தார். அங்கேதான் அவருக்கு ஒரு புதிர் எழுந்தது. பாறை உதிர்ந்துதான் மண் ஆகிறது. மண் இருந்தால்தான் பயிர். அதே மண் ஆற்றில் கரைந்து கடலுக்குப் போகிறது. இந்த இழப்பு மட்டுமே நடந்துகொண்டிருந்தால் ஒருநாள் நிலமே மிஞ்சாதே? அப்படியானால் இழந்ததை ஈடுகட்டும் வேலையும் எங்கோ நடந்துகொண்டிருக்க வேண்டும். கடலடியில் சேர்ந்த மண், பூமிக்குள் இருக்கும் வெப்பத்தால் இறுகிக் கல்லாகி, மீண்டும் மேலே தூக்கப்பட வேண்டும்.

இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். கோடையில் ஏரியைத் தூர்வாரி வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டுகிறோம் அல்லவா? மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வந்ததைத் திரும்ப மேட்டுக்குக் கொண்டுபோகிறோம். ஹட்டன் சொன்னது அதேதான். வண்டிக்குப் பதில் பூமியின் உள்வெப்பம்.

1785 மார்ச், ஏப்ரல் மாதங்களில் எடின்பரோ ராயல் சொசைட்டியில் இந்தக் கருத்து இரண்டு பகுதிகளாக வாசிக்கப்பட்டது. முதல் பகுதியை அவருடைய நண்பர், வேதியியலாளர் ஜோசப் பிளாக் வாசித்தார். 1788இல் அச்சில் வந்தது. அதே ஆண்டு ஹட்டன், ஜான் பிளேஃபேர், ஜேம்ஸ் ஹால் மூவரும் படகில் ஏறி ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் சிக்கார் முனை என்ற இடத்துக்குப் போனார்கள். அங்கே கடலோரப் பாறையில் கீழே சாம்பல் நிற அடுக்குகள் அலமாரியில் நிறுத்திவைத்த புத்தகங்கள் மாதிரிச் செங்குத்தாக நின்றன. அவற்றின் தலையை வெட்டிவிட்டு மேலே படுக்கவைத்தது போலச் செம்மணற்பாறை, லேசான சரிவோடு.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கீழ் அடுக்கு முதலில் கடலடியில் கிடையாகப் படிந்திருக்க வேண்டும். பிறகு கல்லாகி, மடிந்து, செங்குத்தாக நிமிர்ந்து, நிலமாக மேலே வந்திருக்க வேண்டும். பிறகு மழையும் காற்றும் அதன் தலையைத் தேய்த்திருக்க வேண்டும். அதற்கும் பிறகு அதன்மேல் புதிய மணல் படிந்து, அதுவும் கல்லாகி, அதுவும் உயர்ந்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு முழுச் சுற்று! கீழ்ப்பாறைக்கு ஏறத்தாழ 43 கோடி வயது, மேல்பாறைக்கு ஏறத்தாழ 37 கோடி என்று இன்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஹட்டனிடம் இந்த எண்கள் இல்லை. அந்த இடத்தைப் பார்த்தபோது காலத்தின் ஆழம் கண்டு தலை சுற்றியதைப் பிளேஃபேர் பின்னாளில் எழுதினார்.

பிளேஃபேரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியவில்லை. ஹட்டன் எழுதிய நடை கரடுமுரடு. 1795இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வந்த அவர் நூலைப் படித்து முடித்தவர்கள் குறைவு. 1797இல் அவர் இறந்தபின், கணிதப் பேராசிரியரான பிளேஃபேர் 1802இல் அதே கருத்தைத் தெளிவான மொழியில் எழுதினார். ஹட்டன் உலகத்துக்குப் புரிந்தது அதற்குப் பிறகுதான். நோட்ஸ் எடுத்துக் கொடுக்கிற வாத்தியாருக்கும் வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

ஜேம்ஸ் ஹால் செய்தது இன்னொரு விதம். கருநிறப் பாறையை உலையில் உருக்கி, வேகமாக ஆறவிட்டால் கண்ணாடி மாதிரி ஆவதையும், மெல்ல ஆறவிட்டால் மீண்டும் படிகம் படிகமாகக் கல்லாவதையும் 1798இல் காட்டினார். சுண்ணாம்புப் பொருளைத் துப்பாக்கிக் குழலுக்குள் அடைத்து அழுத்தத்தில் சூடாக்கி, பளிங்கு போன்ற கல்லாக மாறுவதையும் பிறகு காட்டினார். உலையில் செய்து பார்த்து இயற்கையை அளக்க முடியாது என்பது ஹட்டனின் எண்ணம். அவர்மேல் இருந்த மரியாதையால், அவர் உயிரோடு இருந்தவரை ஹால் இந்தச் சோதனைகளைப் பெரிதாக வெளியே கொண்டுவரவில்லை.

ஆக, நீரில் படிந்த கல் உண்டு, நெருப்பில் பிறந்த கல் உண்டு, அழுத்தத்திலும் சூட்டிலும் குணம் மாறிய கல் உண்டு. படிவுப் பாறை, தீப்பாறை, உருமாறிய பாறை. எது வேண்டுமானாலும் எதுவாகவும் மாறலாம். ஏணிப் பலகை இப்படித்தான் வட்டப் பலகை ஆனது.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. மதனப்பள்ளிக்கு அருகில் இருக்கும் ரிஷிவேலிப் பள்ளியின் கிராமக் கல்வி மையம் உருவாக்கிய முறை அது. 2007 வாக்கில் தமிழ்நாடு முழுவதும் 1 முதல் 4 வகுப்பு வரை வந்துவிட்டது. அட்டை, தட்டு, கம்பிப் பந்தல் எல்லாம் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். சுவரில் ஒரு பெரிய ஏணி ஒட்டியிருக்கும். குழந்தை தன் படியைத் தானே பார்த்து, அதற்குரிய அட்டையை எடுத்துக்கொள்ளும். அந்த முறை பற்றி எனக்கு நல்லதும் கெட்டதுமாகப் பல கருத்துகள் உண்டு, அது தனிப் பதிவு. இங்கே சொல்ல வருவது ஒன்றுதான். அந்த ஏணியில் வளர்ந்த பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு மேலே வந்தபோது, எதைப் பார்த்தாலும் "இது எத்தனையாவது படி?" என்று கேட்டார்கள். பாறைச் சுழற்சிப் படத்தைப் பார்த்தாலும் அதே கேள்வி. "எது டீச்சர் முதல் பாறை? எது கடைசிப் பாறை?" வெர்னரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது போல இருக்கும்.

புத்தகத்தில் அம்புக்குறி போட்ட வட்டப்படம் இருந்தது. பிள்ளைகள் அதை அப்படியே வரைந்து, வண்ணம் தீட்டி, மனப்பாடம் செய்தார்கள். அதிலும் ஒரு சிக்கல். தீப்பாறை, பிறகு படிவுப் பாறை, பிறகு உருமாறிய பாறை, பிறகு உருகல் என்று எல்லாக் கல்லும் வரிசை தவறாமல் சுற்றும் என்றே எழுதினார்கள். உண்மையில் படிவுப் பாறை ஆழத்துக்குப் போகாமலே மேலே வந்து மறுபடி மணலாகலாம். உருமாறிய பாறை உருகாமலே மலையாகலாம். வட்டத்துக்குள் குறுக்குச் சந்துகள் ஏராளம்.

வட்டார வள மையத்தில் நடந்த ஒரு பயிற்சியில் கருத்தாளர் ஒருவர் அமெரிக்க வகுப்பறை விளையாட்டு ஒன்றைச் சொன்னார். 1995இல் வெளியான 'பிராஜெக்ட் வெட்' ஆசிரியர் கையேட்டில் உள்ளது அது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நீர்த்துளி. மேகம், ஆறு, கடல், பனிப்பாறை, நிலத்தடி நீர் என்று ஒன்பது இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பகடை. விழுவதைப் பொறுத்து வேறு இடம் போக வேண்டும், அல்லது அங்கேயே நிற்க வேண்டும். இதே மாதிரி பாறைக்கும் வெளிநாட்டு ஆசிரியர்கள் பகடை விளையாட்டு ஆடவைக்கிறார்கள். கேட்டதும் எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் பகடையில் ஒரு குறை பட்டது. அதில் ஒன்று விழுவதற்கும் ஆறு விழுவதற்கும் வாய்ப்பு ஒன்றுதான். எரிமலை வெடிப்பதும் கல் சும்மா கிடப்பதும் சம வாய்ப்பா?

இந்த இடத்தில் நம் பாட்டிமார் கைகொடுத்தார்கள். ஆறு புளியங்கொட்டை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கினோம். குலுக்கிப் போட்டு, எத்தனை வெள்ளை மேலே தெரிகிறது என்று எண்ண வேண்டும். இரண்டு பக்கமும் விழ ஏறத்தாழச் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 64 விதமாக விழலாம். அதில் மூன்று வெள்ளை விழுவது 20 விதம், இரண்டும் நான்கும் தலா 15 விதம். ஒன்றும் ஐந்தும் தலா 6. எல்லாம் கறுப்பு, எல்லாம் வெள்ளை என்பது தலா ஒன்றே ஒன்று. கணக்கு ஆசிரியர்கள் இந்த எண்களைப் பார்த்ததும் சிரிப்பார்கள்.

விதியை இப்படி வைத்தோம். இரண்டு, மூன்று, நான்கு விழுந்தால் இருந்த இடத்திலேயே இரு. ஒன்று அல்லது ஐந்து விழுந்தால் ஒரு கட்டம் நகர். எல்லாம் வெள்ளை என்றால் பூமி மேலே தூக்கும், கல் நேராக மலைக்கு வரும். எல்லாம் கறுப்பு என்றால் ஆழத்துக்குப் போய் உருகும். 64இல் 50 முறை கல் அசையாது. 12 முறை மெல்ல நகரும். பெரிய நிகழ்ச்சி 64இல் இரண்டே முறை. நிலவியல் என்பது பெரும்பாலும் காத்திருப்புதான் என்பதைப் புளியங்கொட்டை சொல்வது போல எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிப் பார்த்ததில்லை.

பலகைக்குப் பழைய ஃபிளெக்ஸ் பேனரின் பின்பக்கம். யாரோ ஒருவரின் காதுகுத்து விழா பேனர் அது. மலை, உதிர்ந்த மண், ஆறு, கடலடி, படிவுப் பாறை, ஆழம், பாறைக்குழம்பு, எரிமலை என்று எட்டுக் கட்டங்கள் வட்டமாக. நடுவில் குறுக்குச் சந்துகள். காய்களுக்கு அவரவர் கொண்டுவந்த கல். ரோட்டோர ஜல்லி, லாரியில் இருந்து சிந்திய சுண்ணாம்புக்கல், ஆற்றுக் கூழாங்கல். ஒருவன் செங்கல் துண்டு கொண்டுவந்தான். அது கல்லா இல்லையா என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது. களிமண்ணைச் சூட்டில் மாற்றியது மனிதன் செய்த உருமாற்றம்தானே என்று அவனையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு சுற்று என்றால் 1 கோடி ஆண்டு. ஆறு பேர் ஆடி முடிக்க ஏறத்தாழ ஒரு நிமிடம். ஆற்றுக் கட்டத்தில் மட்டும் நிற்க வேண்டாம், உடனே கடலுக்குப் போய்விடலாம் என்று விதி. ஆற்று மணலுக்கு 1 கோடி ஆண்டெல்லாம் அதிகம். இந்தக் கணக்கில் இமயமலை எழத் தொடங்கியது 5 சுற்றுக்கு முன்னால். டைனோசர்கள் அழிந்தது ஆறேமுக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைய. சிக்கார் முனையில் இரண்டு பாறைகளுக்கு இடையே தொலைந்துபோன காலம் ஏறத்தாழ 6 சுற்று. நம் பல்லாவரம் கருங்கல் தெரியுமா? அதற்கு ஏறத்தாழ 250 கோடி வயது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தக் கல்லைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதால், 1893இல் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அதற்குச் சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். பல்லாவரத்தில் கிடைத்த கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பெயர்! அந்தக் கல் பிறந்ததிலிருந்து ஆடினால் 4 மணி 10 நிமிடம். பூமி பிறந்ததிலிருந்து என்றால் 454 சுற்று, ஏழரை மணி நேரத்துக்கும் மேல். காலைப் பிரார்த்தனையில் தொடங்கினால் மாலை மணி அடித்த பிறகும் முடியாது. மனித இனம் தோன்றி 3 லட்சம் ஆண்டு என்று கொண்டால் 2 விநாடிகூடத் தேறாது.

பிள்ளைகளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "மறுபடியும் மூணு டீச்சர், நகரவே மாட்டேங்குது!" என்பார்கள். அடுத்த கேள்வி, "யார் டீச்சர் ஜெயிச்சாங்க?" யாரும் ஜெயிக்கவில்லை என்றால் அது ஆட்டமே இல்லை என்பது எட்டாம் வகுப்புச் சட்டம். அதனால் ஒவ்வொருவரும் தன் கல்லின் பயணத்தை நோட்டில் குறித்துவைத்து, மணி அடித்ததும் கதையாகப் படிக்க வேண்டும் என்று வைத்தோம். யார் கதை நன்றாக இருக்கிறதோ அவர்களுக்குக் கைதட்டல். ஆழத்துக்குப் போனவர்கள் கதைதான் பெரும்பாலும் ஜெயித்தது. பாம்பு கடித்தவனுக்குப் பரிசு கிடைக்கும் ஒரே பரமபதம் அது.

கடைசிக் கட்டமே இல்லையா என்று ஒரு பையன் விடாமல் கேட்டான். 19ஆம் நூற்றாண்டில் அதே கேள்வியைக் கேட்டவர் கெல்வின் பிரபு. உருகிய உருண்டையாக இருந்த பூமி இப்போதைய நிலைக்கு ஆற எவ்வளவு காலம் ஆகும் என்று 1862இல் கணக்குப் போட்டு, 2 கோடி முதல் 40 கோடி ஆண்டு என்றார். எங்கள் ஆட்டத்தில் 40 கோடி என்றால் 40 நிமிடம், சரியாக ஒரு பாடவேளை! முடிவில்லாத வட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்த நிலவியலாளர்கள் வாயடைத்துப் போனார்கள். அவரிடம் உதவியாளராக வேலை பார்த்த ஜான் பெர்ரியே 1895இல், பூமியின் உள்ளே வெப்பம் நீங்கள் நினைப்பதைவிட எளிதாகக் கடந்துபோகுமானால் வயது பல மடங்கு கூடிவிடுமே என்று எடுத்துக்காட்டினார். பிறகு கதிரியக்கம் வந்து, பூமிக்குள் வெப்பம் புதிதாகவும் பிறக்கிறது என்று காட்டியது, பாறைகளின் வயதை அளக்கும் வழியையும் தந்தது. கெல்வினின் எண் தவறு. ஆனால் உள்வெப்பம் என்றைக்கும் இருக்காது என்ற அவர் யோசனையில் தவறில்லை. "முடியும்டா, ஆனா நம்ம பேனர் கிழிஞ்ச பிறகு" என்று அந்தப் பையனுக்குச் சொன்னேன்.

வட்டத்துக்குள் அடங்காத இன்னொன்றும் உண்டு. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைக் கையிலேயே காட்டலாம். டைனோசர் காலத்தில் இந்தப் பகுதி கடலடி. 1857 முதல் ஹென்றி பிளான்ஃபோர்டு இங்கே நடையாய் நடந்து இந்தப் பாறைகளை மூன்று தொகுதியாகப் பிரித்தார். (இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரும் இவர்தான். மழை நிலவரம் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.) சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் மரத்தை 1940இல் உலகுக்குத் தெரிவித்தவர் தஞ்சை மாவட்டத்துக்காரரான எம். எஸ். கிருஷ்ணன். காரை ஓடைகளில் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டின் பதிவுகள் கிடைக்கின்றன. பெருமாள் சந்நிதியில் வைத்துக் கும்பிடும் கண்டகி நதிச் சாளக்கிராமமும் அதே வகை உயிரியின் பதிவுதான், இன்னும் பழையது. அம்மோனைட் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடியோடு அழிந்தது. அது இருந்த சேறு கல்லாகி, மணலாகி, மறுபடி சேறாகலாம். அம்மோனைட் திரும்ப வராது. கல் சுற்றும், உயிர் சுற்றாது. பலகையில் கல்லுக்கு வட்டம் வரைந்த கையோடு, உயிர்களுக்குத் தனியாக ஒரு நேர்கோடு ஓரத்தில் வரைந்துவைத்தோம்.

பெரிய வாதம் வந்தது வேறொரு கட்டத்தால். கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 7 சுற்றுக்கு முன்னால் கடற்சிப்பிகள் குவிந்து உண்டானது. அதைத்தான் தோண்டி சிமெண்ட் ஆக்குகிறார்கள். சுண்ணாம்புக்கல் காயோடு ஆடிய ஒரு பெண், "என் கல்லு மலைக்கு வந்தா ஆத்துக்கு எப்படி டீச்சர் போகும்? லாரியிலல்ல போகும்?" என்றாள். நியாயமான கேள்வி. ஒன்பதாவது கட்டமாகச் சிமெண்ட் ஆலை வந்தது. உடனே அடுத்த கேள்வி: இது ஏணியா, பாம்பா?

தூசி, லாரி, கைவிட்ட குழிகளில் தேங்கிய தண்ணீர் என்று சிலர் பாம்பு என்றார்கள். "எங்க அப்பா சம்பளம் அங்கேருந்துதான் வருது. எப்படிடா பாம்புங்கிற?" என்று ஒருவன் எழுந்து நின்றான். வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. நம் பலகையில் பாம்பும் இல்லை, ஏணியும் இல்லை, கல் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள் என்றேன். போகும் இடத்தைத் தேடினோம். சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரிச் சூட்டில் 100 கிலோ சுத்தச் சுண்ணாம்புக்கல்லைப் போட்டால் 44 கிலோ கரியமில வாயுவாக மேலே போய்விடும். எங்கள் பலகையில் காற்றுக்குக் கட்டமே இல்லை! வட்டத்தின் நடுவே காற்று என்று பத்தாவது கட்டம் வரைந்தோம். எரிமலையிலிருந்தும் அதற்கு ஒரு கோடு போட வேண்டியிருந்தது, அங்கேயும் இந்த வாயு வெளிவருகிறது. காற்றிலிருந்து மழைநீரில் கரைந்து, மலையை அரித்து, ஆற்றோடு கடலுக்குப் போய்ச் சிப்பியின் ஓடாவதற்கு இன்னொரு கோடு. கடலில் சிப்பியாகிக் கல்லானது பல சுற்று. சூளையில் பிரிவது சில மணி நேரம். புளியங்கொட்டையால் குலுக்க முடியாத வேகம் அது. அந்தக் கட்டத்துக்குக் குலுக்கலே வேண்டாம், வந்தவுடன் போய்விட வேண்டும் என்று பிள்ளைகளே விதி எழுதினார்கள். மிச்சம் 56 கிலோ வீடாக நிற்கும், அதுவும் ஒருநாள் உதிர்ந்து மணலாகும் என்று சிமெண்ட்டிலிருந்து மண் கட்டத்துக்கு ஒரு கோடு இழுத்தவன், எழுந்து நின்ற அதே பையன்.

பலகையின் படம் கேட்பவர்களுக்கு: பேனர் போய்விட்டது, ஆனால் கடைசியாகப் பத்துக் கட்டத்தோடு வரைந்த சார்ட் என்னிடம் இருக்கிறது. பேரன் ஸ்கேன் செய்து தருகிறேன் என்கிறான். கருத்துப் பகுதியில் போடுகிறேன். புளியங்கொட்டை மட்டும் நீங்களே தேய்த்துக்கொள்ளுங்கள். வறுக்காத கொட்டையாக எடுங்கள், வறுத்தது தேய்க்கும்போதே உடைந்துவிடும்.